ஹாலில் ஃபுல் சிக்னல், பின் ரூமில் பூஜ்யம்: வடசென்னை வீட்டு வைஃபையைச் சரிசெய்வது எப்படி?

காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. ஹாலில் டி.வி ஓடுகிறது, சமையலறையில் குக்கர் விசில். வேறு வழியில்லாமல் பின் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறீர்கள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டவரின் முகம் அப்படியே திரையில் உறைந்து நிற்கிறது. வைஃபை ஒரே ஒரு கோடு. பதறியடித்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால், அந்த ரூமில் டவரும் கிடைக்காது. திரும்ப உள்ளே நுழைவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. உடனே நண்பர்கள் சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான். "100 பத்தாதுடா, 300 பிளான் போடு." அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். ஒரு வீடியோ காலுக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 100 பிளான் வைத்திருக்கும் வீட்டில் கால் உறைகிறது என்றால், பெரும்பாலும் குறை பிளானில் இல்லை. ரவுட்டருக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்குள் குழாய் அடைத்திருக்கும்போது தெருவில் பெரிய மோட்டார் போட்டு என்ன பிரயோஜனம்?

முதல்ல அளந்து பாருங்க

ரவுட்டருக்குப் பக்கத்தில், ஓர் ஐந்தடி தூரத்தில் நின்று ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் டவுன்லோடு போட்டிருக்கக் கூடாது. பிறகு பின் ரூமுக்குப் போய், வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டு அதே டெஸ்ட். ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் இல்லையென்றால் லைனில் கோளாறு, அல்லது மாத டேட்டா வரம்பு முடிந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். கம்பெனிக்குத்தான் போன் போட வேண்டும். அங்கே 90 வந்து, உள்ளே 4 வந்தால் வேலை உங்கள் வீட்டுக்குள்.

போனில் தெரியும் வைஃபை கோடுகளை ரொம்ப நம்பாதீர்கள். எந்த அளவுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு போனிலும் ஒரு மாதிரி. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண். ஆண்ட்ராய்டில் 'வைஃபை அனலைசர்' மாதிரியான இலவச ஆப் போட்டால் தெரியும். ஐபோன்காரர்கள் ஆப்பிளின் 'ஏர்போர்ட் யூட்டிலிட்டி' ஆப்பை இறக்கி, செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குள் போய் 'வைஃபை ஸ்கேனர்' என்பதை ஆன் செய்ய வேண்டும்.

இந்த எண் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் பயமில்லாமல் பேசலாம். மைனஸ் 75-ஐத் தாண்டினால் திக்கும். 80-க்கு மேல் போனால் வாட்ஸ்அப் மெசேஜுக்கே இழுபறிதான். 10 எண் இறங்கினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 60-க்கும் 70-க்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டின் ஒவ்வொரு ரூமிலும் இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இனி செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டுதான் சாட்சி.

வாசப்படி மேல ரவுட்டர் எதுக்கு?

கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி எதிர் போஸ்ட்டிலிருந்து ஃபைபரை இழுத்து, மீட்டர் பாக்ஸ் பக்கத்தில் ஓட்டை போட்டு, வாசல் கதவுக்கு மேலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு வயர் மிச்சம், நேரம் மிச்சம். உங்களுக்குத்தான் தலைவலி.

ஏனென்றால் நம்ம பக்கத்துப் பழைய வீடுகள் பல, முன்பக்கம் குறுகலாக இருந்து ரயில்பெட்டி மாதிரி நீளமாக உள்ளே போகும். ஹால், அதன் பின்னால் ஒரு ரூம், இன்னொரு ரூம், சமையலறை, புழக்கடை. வாசலில் இருக்கும் ரவுட்டரின் பாதி சிக்னல் தெருவுக்குப் போகிறது. உங்கள் வைஃபை உங்கள் பின் ரூமைவிட எதிர் டீக்கடைக்கு நன்றாகக் கிடைக்கும்! மீதிப் பாதி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சுவர்களைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும்.

சுவரும் லேசுப்பட்ட சுவர் இல்லை. 1856-லேயே ரயில் நிலையம் திறந்த ஏரியா ராயபுரம். சுண்ணாம்புக் காரையும் செங்கலும் சேர்த்துக் கட்டி, மேலே மரத்தூலம் போட்டு மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட வீடுகள் இன்னமும் மிச்சம் இருக்கின்றன. வெயிலுக்கு அந்தச் சுவர் வரம், வைஃபைக்குச் சாபம். புது அப்பார்ட்மென்ட் என்றால் சுவர் மெலிசு, ஆனால் கான்கிரீட் தளத்துக்குள் கம்பி இருக்கும். கீழ்த்தளத்து ரவுட்டர் மாடிக்கு ஒழுங்காக எட்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் முதல் வைத்தியம் செலவில்லாதது. ரவுட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தலை உயரத்தில், திறந்த இடத்தில். ஃபைபர் வயர் எட்டவில்லை என்றால் கம்பெனியிடம் கேட்டு நீளமான வயர் போட்டுக்கொள்ளலாம்; நீங்களே இழுத்து முறுக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினாலே ஒளி கசிந்து வேகம் விழும். புதுசாக கனெக்‌ஷன் வாங்குபவர்கள், அவர் டிரில்லை எடுப்பதற்கு முன்பே "அண்ணா, நடு ரூம்ல வைங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஓட்டை போட்டபிறகு சொன்னால் அவர் முகம் மாறும்.

இடம் மாற்றும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, தகரத் தடுப்பு எல்லாம் சிக்னலைத் திருப்பி அடிக்கும். நம் வீடுகளில் யாரும் யோசிக்காத எதிரி ஒன்று உண்டு: தண்ணீர். லாரித் தண்ணியை நம்பி நீல டிரம்மும் குடங்களுமாக வரிசை கட்டி வைத்திருக்கிறோம் இல்லையா? வைஃபை அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ரவுட்டருக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவில் நிறைந்த டிரம்கள் நின்றால், அதுவும் ஒரு சுவர்தான். டிரம்மை நகர்த்த முடியாது. ரவுட்டரை அதைவிட உயரத்தில் ஏற்றிவிடலாம். அழகுக்காக அலமாரிக்குள் மூடி வைப்பதும் வேண்டாம். இதை எழுதுபவரும் ஒரு காலத்தில் ரவுட்டரை சாமி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர்தான்.

ஆன்டெனா இருக்கும் ரவுட்டர் என்றால் நேராக நிமிர்த்தி வையுங்கள். நிமிர்ந்த ஆன்டெனாவின் சிக்னல் மெதுவடை வடிவத்தில் பக்கவாட்டில் பரவும். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் படுக்கப் போட்டுப் பாருங்கள்.

ஹார்பர் ரேடார் மேல பழி போடாதீங்க

"ஹார்பர் பக்கத்துல இருந்தா அப்படித்தான், கப்பல் ரேடார் வைஃபையை அடிச்சிடும்" என்று நம் ஏரியாவில் ஒரு பேச்சு உண்டு. கப்பல் ரேடார்கள் 3 மற்றும் 9 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. 2002-ல் சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து மேல் வானிலைத் துறை வைத்த புயல் ரேடார் எஸ்-பேண்ட் வகை. அது 2.7-லிருந்து 2.9 வரை. வைஃபை இருப்பதோ 2.4-லும் 5-லும். பாதை வேறு வேறு.

உண்மையான நெரிசல் கப்பலில் இல்லை, அக்கம்பக்கத்தில் இருக்கிறது. ஹவுசிங் போர்டு குடியிருப்பிலோ, எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு மாதிரி நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்திலோ போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். 2.4-ல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. எல்லா வீடும் ஒரே சேனலில் இருந்தால், ஒரே தெருக்குழாயில் இருபது குடம் வரிசை. அதே அனலைசர் ஆப்பில் எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று பார்த்து, ரவுட்டர் செட்டிங்ஸில் மாற்றுங்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.29.1 போட்டால் அந்தப் பக்கம் வரும். சரியான எண்ணும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். போன வருஷம் பாஸ்வேர்டு வாங்கிய பக்கத்து வீட்டுத் தம்பி இன்னமும் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

5 ஜிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் வீக். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் சில நேரம் பிடிவாதமாகத் தப்பானதைப் பிடித்துக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் பிரித்து இரண்டு பெயர் வையுங்கள். ஹாலில் 5, பின் ரூமில் 2.4. ரவுட்டர் நடு ரூமுக்கு வந்துவிட்டால், பின் ரூமிலும் 5-ஐ முயற்சி செய்யலாம்.

போனையும் கொஞ்சம் கவனிங்க

ஒரே இடத்தில் அம்மா போனில் நன்றாக வந்து, உங்களுடையதில் மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள். பைக், கார் ஹோல்டருக்காகப் பின்னால் ஒட்டிய இரும்புத் தகடு, மெட்டல் கேஸ் இவற்றைக் கழற்றிவிட்டு எண்ணைப் பாருங்கள். பேட்டரி சேவரை அணையுங்கள். அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்துத் திரும்ப இணையுங்கள். கடைசி ஆயுதம் நெட்வொர்க் ரீசெட். அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளை எல்லாம் அழித்துவிடும் என்பதால் முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பின் ரூமில் சாதாரண காலே கட் ஆகிறதா? செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்று இருக்கும், ஆன் செய்யுங்கள். டவர் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாக உங்கள் நம்பரிலேயே பேசலாம். இந்தியாவில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் வந்த வசதிதான். இன்னமும் பலர் தொட்டுப் பார்க்கவில்லை.

காசு செலவழிச்சே ஆகணும்னா

இவ்வளவும் செய்தபிறகும் பின் ரூமில் மைனஸ் 75 என்றால், அப்போது செலவு செய்யலாம். எக்ஸ்டெண்டர் வாங்குபவர்கள் செய்யும் தப்பு, சிக்னலே இல்லாத ரூமில் அதைச் சொருகுவது. தனக்கே கிடைக்காததை அது எப்படிக் கொடுக்கும்? பாதி வழியில், மைனஸ் 60-ஐ ஒட்டி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படியும், வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் மலிவு எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

என் ஓட்டு லேன் வயருக்குத்தான். மெயின் ரவுட்டரிலிருந்து பின் ரூமுக்கு ஒரு கேட்-6 வயர் இழுத்து, பரணில் தூங்கும் பழைய ரவுட்டரை அந்த முனையில் மாட்டுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. நம் வீடு அவ்வளவு நீளமும் இல்லை. பழைய ரவுட்டரில் மூன்று வேலை மட்டும்: அதன் எண்ணை 192.168.1.2 என்பதுபோல், மெயின் ரவுட்டரின் வரிசையிலேயே யாரும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுவது, டிஹெச்சிபி என்பதை அணைப்பது, வயரை அதன் 'வான்' ஓட்டையில் இல்லாமல் 'லேன்' ஓட்டையில் சொருகுவது. மெயின் ரவுட்டரின் பெயரும் பாஸ்வேர்டுமே இதற்கும் கொடுத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். வயர் வாங்கும்போது சுத்தமான செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவாகக் கிடைக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கடல்காத்து இருக்கிற ஊர் இது. காசிமேட்டிலும் எண்ணூரிலும் ஜன்னல் கம்பியே எப்படித் துருப்பிடிக்கிறது என்று தெரியும். வெளிச்சுவரில் தொங்கும் லேன் வயரின் முனையில் செம்பு பச்சையாகக் களிம்பு ஏறும். வருஷத்துக்கு ஒரு முறை முனையைப் பாருங்கள், களிம்பு இருந்தால் வெட்டிப் புது முனை போடச் சொல்லுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே ரவுட்டர் வேண்டாம், மே மாதச் சூட்டில் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். கரன்ட் போனாலும் நெட் வேண்டும் என்றால் மினி யுபிஎஸ் இருக்கிறது. அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். பல ரவுட்டர்கள் 12 வோல்ட், எல்லாமும் இல்லை.

ரவுட்டரில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இதுவரை சொன்ன எதுவும் உதவாது. ஃபைபரில் ஒளியே வரவில்லை. எங்கேயோ மடங்கியிருக்கிறது, அல்லது ரோடு தோண்டியதில் அறுந்திருக்கிறது. வயரைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்க வேண்டாம், அதில் வருவது லேசர். கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சொன்ன நாளில் சரிசெய்யாவிட்டால், டிராய் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். அவரிடம் போவதற்கு அந்தப் புகார் எண்தான் வேண்டும், முப்பது நாளுக்குள் போக வேண்டும். இன்டர்வியூ தேதி வருவதற்கு இரண்டு நாள் முன்பே பின் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நண்பனுக்கு ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்துவிடுங்கள், பதினைந்து நிமிஷமாவது.