இலங்கைக் காப்பியைத் தின்ற துரு

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



போன பட்டத்தில் ஒரு இறவை நிலக்கடலை வயலைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபது நாள் பயிர். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் செங்கல் பொடியைத் தூவினமாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரலால் தடவினால் விரலிலும் ஒட்டிக்கொண்டது. வயலுக்குச் சொந்தக்காரர் அறுபது வயது தாண்டிய பெரியவர். "நம்ம போர்த் தண்ணியில இரும்பு ஜாஸ்திங்க சார். பைப்பெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. இப்போ செடிக்கும் பிடிச்சிருச்சு" என்றார்.

எனக்குச் சிரிக்க மனசு வரவில்லை. ஏனென்றால் 2000 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரி விவசாயியும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தான். இரும்பில் பிடிக்கும் துருவுக்கும் கோதுமையில் பிடிக்கும் துருவுக்கும் அவர்களுடைய லத்தீன் மொழியில் ஒரே பெயர்தான், நம் தமிழில் இருக்கிற மாதிரியே. அந்தத் துருவுக்கு ரோபிகஸ் என்று ஒரு தெய்வத்தையும் வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி அந்தத் தெய்வத்துக்கு நாயைப் பலி கொடுத்து வேண்டிக்கொள்வார்கள். ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் இந்தச் சடங்கை எழுதி வைத்திருக்கிறார். அதில் பூசாரி என்ன வேண்டுகிறார் தெரியுமா? பயிரை விட்டுவிடு, தின்றுதான் ஆகவேண்டும் என்றால் வாளையும் ஈட்டியையும் தின்றுகொள் என்கிறார். மழைக்காக மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நமக்கு அந்தப் பூசாரியின் மனசு நன்றாகவே புரியும்.

ஆனால் பெயர் ஒன்றே தவிர, சங்கதி வேறு. இரும்புத் துரு என்பது இரும்பும் காற்றும் ஈரமும் சேர்ந்து உண்டாவது. அதற்கு உயிர் கிடையாது. ஈரத்தோடு மூலையில் போட்ட மண்வெட்டி துருப்பிடிக்கும். அந்தத் துரு பக்கத்து வீட்டு மண்வெட்டிக்குப் பறந்து போகாது. இலைத் துரு அப்படியல்ல. அது உயிருள்ள பூசணம். நாம் பார்க்கிற செம்பொடி அதனுடைய வித்து. ஒவ்வொரு துகளும் ஒரு விதை மாதிரி. காற்றில் பறந்து, மழையில் தெறித்து, அடுத்த செடிக்கும் அடுத்த ஊருக்கும் போகும். 1767-லேயே இத்தாலியில் பாண்டானா என்பவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கோதுமைத் துருவைப் பார்த்து, இது பயிரின் மேல் வளரும் இன்னொரு உயிர் என்று எழுதினார். இன்னொன்றையும் ஞாபகத்தில் வையுங்கள். ஒவ்வொரு துருவும் தனக்கென்று உள்ள பயிரைத்தான் பிடிக்கும். கோதுமைத் துரு கடலைக்கு வராது, கடலைத் துரு சோளத்துக்கு வராது.

இந்தத் துருக் கூட்டத்தில் ஒன்று, நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போன லட்சக்கணக்கான ஜனங்களின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. அதுதான் காப்பித் துரு. அது நடந்த இடம் இலங்கை.

1830-க்குப் பிறகு கண்டிச் சீமை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காட்டை வெட்டிக் காப்பி நட்டார்கள். மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு காப்பியைத் தவிர வேறு இல்லை. 1870-களின் கடைசியில் ஏறக்குறைய 2,75,000 ஏக்கர் காப்பி இருந்தது. இவ்வளவுக்கும் வேலை செய்தது யார்? திருச்சி, மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஏழை ஜனங்கள். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவான். கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வேலை செய்துவிட்டு, கையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அதாவது பருவத்துக்குப் போய் வருகிற பிழைப்பு. தஞ்சாவூருக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போய் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1869-ல் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் சில செடிகளின் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாக இருந்தது. பேராதனைத் தோட்டத்து அதிகாரி துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார் (பூசணங்களைப் பற்றி அந்தக் காலத்தில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது) இதுவரை யாரும் பார்க்காத புது ஜாதி என்று சொல்லிப் பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே 'நாசம் செய்வது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைச் சேர்த்துவிட்டார். சில வருஷங்களுக்குள் இலங்கையில் துரு இல்லாத காப்பி ஜில்லா இல்லை. 1870-ஐ ஒட்டி மைசூர்ச் சீமைக்கும் அது வந்து சேர்ந்தது.

தோட்டக்காரர்கள் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காப்பித் துரு செடியை ஒரேயடியாகக் கொல்லாது. இலையை உதிர்க்கும். இலை போனால் செடி மறுபடி துளிர்க்கும், அதுவும் உதிரும். இப்படி வருஷத்துக்கு வருஷம் செடி இளைத்துக்கொண்டே போகும், காய்ப்புக் குறையும். ஆனால் 1870-களில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறிக்கொண்டே இருந்தது. விளைச்சல் குறைந்த நஷ்டத்தை விலை மூடி மறைத்தது. நோய் பரவிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் புதிதாகக் காடு வெட்டி இன்னும் காப்பி நட்டார்கள்! மண் சத்து குறைந்துவிட்டது என்றார் ஒருவர், பருவம் சரியில்லை என்றார் இன்னொருவர். எருவைக் கொட்டிப் பார்த்தார்கள். விலை நன்றாக இருக்கும்போது நோயைப் பற்றிப் பேசினால் யாருக்கும் காது கேட்பதில்லை. இந்த வியாதி வெள்ளைக்காரனுக்கு மட்டும் உரியதல்ல.

கடைசியில் 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானியை வரவழைத்தார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை இன்றைக்குப் படித்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. துரு வித்து இலையில் விழுந்தால் மட்டும் போதாது, இலையில் தண்ணீர் ஈரம் நிற்கவேண்டும். அப்போதுதான் அது முளைத்து, இலையின் அடிப்பக்கத்தில் உள்ள சுவாசத் துளை வழியாக உள்ளே நுழைகிறது என்று காட்டினார். ஒரே ஒரு பொட்டிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட வித்துகள் வருகின்றன என்று கணக்கிட்டார். பிசுபிசுப்பான கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வருகிற வித்துகளைப் பிடித்துக் காட்டினார். மலை முழுக்க ஒரே பயிர், நடுவில் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. துருவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மரவரிசைகளை வளர்த்துத் தோட்டங்களைப் பிரியுங்கள் என்றார். தோட்டக்காரர்கள் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்து. மருந்து அவரிடம் இல்லை. நம் கொடிக்கால், தென்னந்தோப்பு, காப்பித் தோட்டம் வரைக்கும் வந்துவிட்ட போர்டோ கலவை பிரான்சு நாட்டில் திராட்சைக்கென்று வெளியானதே 1885-ல்தான். அதற்குள் இலங்கையில் முடிந்துவிட்டது.

1870-ல் இலங்கை ஏற்றுமதி செய்த காப்பி ஏறக்குறைய 10 கோடி பவுண்டு. 1889-ல் அது சுமார் 50 லட்சம் பவுண்டு. இருபதில் ஒரு பங்கு! தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. காப்பியை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் 1884-ல் மூடப்பட்டது.

புத்தகங்களில் இந்தக் கதையைத் தோட்டக்காரர்களின் நஷ்டக் கதையாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் கூலிக்குப் போன நம் ஜனங்களுக்கு என்ன ஆயிற்று? நமது தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. சொந்த ஊரில் கஞ்சிக்கு வழியில்லாமல் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். எங்கே போனார்கள்? துரு தின்றுகொண்டிருந்த அதே காப்பித் தோட்டங்களுக்கு! தோட்டம் திவாலானபோது மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்றது. கடன் கொடுத்தவன் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கூலிக்காரன் எதை எடுப்பான்? கூலி பாக்கியைப் பற்றி அரசாங்கமே தனிச் சட்டம் போடவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது.

காப்பிக்குப் பதில் தோட்டக்காரர்கள் முதலில் சின்கோனா நட்டார்கள். மலேரியா மருந்துக்கான பட்டை. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டதால் விலை விழுந்தது. பிறகு தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-லேயே சுமார் 20 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அது வழிகாட்டியது. 1890-களின் நடுவில் மூன்று லட்சம் ஏக்கர் தேயிலை. காப்பித் துருவால்தான் இங்கிலாந்துக்காரர்கள் காப்பியை விட்டு டீ குடிக்கப் பழகினார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மையில்லை. அதற்கு நூறு வருஷம் முன்பிருந்தே அவர்கள் சீனத்துத் தேயிலையை நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். துரு மாற்றியது அவர்கள் பழக்கத்தை அல்ல, நம் ஜனங்களின் குடியிருப்பை.

காப்பி வருஷத்தில் சில மாதம் பறிப்பது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்க, வாரத்துக்கு வாரம் பறிப்பது. காப்பிக்கு ஆண்கள் போய் வந்தால் போதும். தேயிலைக்குக் குடும்பமே அங்கே இருக்கவேண்டும், பெண்களின் விரல் வேண்டும். லயம் என்று வரிசை வீடு கட்டினார்கள். போய் வருகிற பிழைப்பு போய், அங்கேயே பிறந்து அங்கேயே சாகிற பிழைப்பு ஆனது.

துரு அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. நம் நாட்டில் கெண்ட் என்ற தோட்டக்காரர் 1911-ல் துரு பிடிக்காத ஒரு செடியைக் கண்டுபிடித்து விதை எடுத்தார். 'கெண்ட்ஸ்' ரகம் நன்றாகத் தாக்குப்பிடித்தது, சில காலம். பிறகு அதிலும் துரு. பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் வில்சன் மெய்ன் 1930-களில் இதற்குக் காரணம் கண்டார்: துரு ஒரே ரகமல்ல, அதிலும் பல இனங்கள் உண்டு, நாம் ஒரு ரகத்தைக் கொண்டுவந்தால் அதைத் தாக்கக்கூடிய இனம் தலையெடுக்கிறது. 1940-களில் அதே நிலையம் எஸ்.795 ரகத்தை வெளியிட்டது. ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் காப்பி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அதிலும் இப்போது துரு வருகிறது. 1970-ல் கடல் தாண்டி பிரேசிலில் தென்பட்டது. 2012-ல் தொடங்கி மத்திய அமெரிக்க நாடுகளில் காப்பியைச் சூறையாடியது. கூலி வேலை போன குடும்பங்கள் அங்கேயும் ஊரைவிட்டுக் கிளம்பின.

நிலக்கடலைத் துருவும் இப்படி ஊர் சுற்றி வந்ததுதான். 1960-களின் கடைசி வரை அது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தோடு நின்றிருந்தது. பிறகு சில வருஷங்களுக்குள் நம் வயலுக்கு வந்துவிட்டது. அந்தப் பெரியவரிடம் கைக்கண்ணாடியைக் கொடுத்து இலையைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது பைப்புத் துரு இல்லீங்க" என்று அவரே சொன்னார். அறுவடைக்குப் பிறகு வயலிலும் வரப்பிலும் தானாக முளைக்கிற கடலைச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், துரு அதில்தான் அடுத்த பட்டம் வரைக்கும் உயிர் வைத்திருக்கும் என்றேன். மருந்து எது, எவ்வளவு என்பதை உங்கள் பயிரின் வயதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு உங்கள் ஊர் வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

இலங்கைக்குப் போனவர்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். 1948-ல் அந்த நாடு சுதந்திரம் அடைந்த உடனே வந்த குடியுரிமைச் சட்டத்தில், மூன்று நாலு தலைமுறை தேயிலை வளர்த்த நம் ஜனங்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரிக்கும் சிறீமாவோ அம்மையாருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியது. அங்கேயே எஞ்சியவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆயிற்று.

வேலை நிமித்தம் ஒரு தடவை கோத்தகிரிப் பக்கம் போனபோது, அப்படித் திரும்பி வந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அந்த அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். தாத்தாவுக்குத் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனாராம். எதற்குப் போனார் என்று கேட்டேன். "கோப்பிக்குத்தான்" என்றார். பிறகு அந்தக் கோப்பி என்ன ஆச்சு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. துரு என்றேன். "இரும்பா?" என்று கேட்டார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து, "ஐயாவுக்குக் கோப்பியா, தேத்தண்ணியா?" என்று குரல் வந்தது.

தேத்தண்ணியே போதும் அம்மா என்றேன்.