ஆண்டுகள் ஏற ஆட்டம் மாறும்

கோவில்பட்டி என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு முதலில் ஹாக்கி நினைவுக்கு வரும்; அடுத்துக் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். இரண்டும் எங்கள் ஊருக்குப் பெருமை சேர்ப்பனவே. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஆட்டம் டென்னிஸ். பொழுதுபோக்காக அதை ஆடிவரும் ஒருவனுடைய ஆட்டம் வயது ஏற ஏற எவ்வாறு மாறுகிறது, அந்த மாறுதலைப் பற்றி அவ்விளையாட்டின் வரலாறு நமக்கு என்ன கூறுகிறது என்பதே பொருள்.

விளையாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வீரனுடைய இருபதாம் வயதில் தொடங்கி முப்பத்தைந்தாம் வயதில் பேனாவை மூடிவிடுகின்றனர். அதற்குப் பின்னும் அவன் நாற்பது ஆண்டுகள் வாழ்கின்றான். மட்டையைக் கீழே வைக்காமல் ஆடுகிறவர்களும் உண்டு. அந்த நாற்பது ஆண்டுகளின் கதையும் வரலாறுதான் என்பது என் எண்ணம்.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கரிசல் நிலம் டென்னிஸுக்கு இசைந்ததன்று. ஐப்பசி மழையில் உப்பிக் காலைக் கவ்விக்கொள்ளும். சித்திரை வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஆகவே இங்கு ஆடுகளம் அமைப்பதென்றால் கரிசலை வெட்டி அப்புறப்படுத்தி, சரளையைக் கொட்டி, வேற்றிடத்துச் செம்மண்ணை வண்டிகளில் கொணர்ந்து பரப்பி, நீர் தெளித்து, உருளையால் இறுக்கவேண்டும். அத்தகைய களம் ஒன்றில்தான், ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த புதிதில் நான் ஆடக் கற்றேன்.

அங்கே ஐம்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் வருவார். களத்தின் நடுவில் நிற்பார். இரண்டடிக்கு மேல் நகரமாட்டார். நானோ இருபத்து நான்கு வயது இளைஞன். பந்தை இடிபோல் அடிப்பேன். அவர் அதே பந்தை மெல்லத் திருப்பி, நான் இல்லாத மூலையில் விழச்செய்வார். ஒரு மணி நேரத்தில் எனக்கு நாக்கு வறண்டுவிடும். அவருடைய சட்டையின் மடிப்புக் கூடக் கலைந்திராது. “ஓட்டத்தைக் குறை; பந்து வருவதற்கு முன்னே அங்கே போய் நில்” என்பார். அன்று அது எனக்கு விளங்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். புல்தரை டென்னிஸுக்கு 1874ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் மேஜர் வால்டர் வின்ஃபீல்ட். அப்போது அவருக்கு வயது நாற்பது. அவர் கருதியது வீட்டுத் தோட்டத்தில் ஆடவரும் பெண்டிரும் கூடி ஆடும் மாலைநேர விளையாட்டு. 1877ஆம் ஆண்டில் விம்பிள்டன் பந்தயம் தொடங்கிய பின்னரே அது வேகமும் வலிமையும் போட்டியிடும் களமாயிற்று. எனவே நடுவயதினர் டென்னிஸ் ஆடுவது பிற்காலத்தில் வந்த சலுகையன்று. தொடக்கத்திலேயே அவர்களுக்கு அதில் இடம் இருந்தது. ஸ்வீடன் நாட்டு மன்னர் ஐந்தாம் குஸ்டாவ், ‘மிஸ்டர் ஜி’ என்ற புனைபெயரில் முதுமை வரையில் ஆடிவந்தார்.

விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை மிக முதிர்ந்த வயதில் வென்றவர் ஆர்தர் கோர். 1909ஆம் ஆண்டில் அவருக்கு வயது 41. முதலிரு செட்களையும் இழந்த பின்னர் எஞ்சிய மூன்றையும் கைப்பற்றினார். ஆயினும் வரலாற்று மாணவன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முந்திய ஆண்டு வென்றவர் இறுதியில் ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் போதும் என்பது அக்கால வழக்கம். அது 1922ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. கோர் முந்திய ஆண்டின் வெற்றியாளர். நாள்தோறும் ஆடிக் களைக்காமல் இறுதியாட்டத்துக்கு வந்தார். இதனால் அவர் பெருமை குறையாது. வயதானவனுக்கு ஓய்வு எவ்வளவு பெரிய துணை என்பதுதான் தெரிகிறது.

உடலில் நிகழும் மாறுதல்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். நெஞ்சு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடிக்க வல்லது என்பதற்குத் தோராயமான கணக்கு ஒன்று உண்டு. 220இலிருந்து வயதைக் கழிக்கவேண்டும். இருபது வயதில் 200, அறுபதில் 160. ஆளுக்கு ஆள் சிறிது வேறுபட்டாலும் இறங்கு முகம் எல்லோருக்கும் பொது. முப்பதுகளிலிருந்து தசை மெல்லக் குறைகிறது. நாற்பதுக்கு மேல் கண்ணின் வில்லை இறுகி, அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டாது. பந்தைக் கண்டு கால் பெயரும் நேரமும் சிறிது நீள்கிறது. என்னளவில் இவை ஒவ்வொன்றாகவே வந்தன. நாற்பதில் வலையை நோக்கிப் பாய்ந்து செல்வது நின்றது. ஐம்பதில் முதல் அடியின் வேகம் போயிற்று. அறுபதில், வலைக்கு அருகே மெல்ல விழும் பந்தைப் பார்த்து, “நன்றாக ஆடினீர்கள்” என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பழகினேன்.

வேகம் குறைந்தவன் எவ்வாறு ஆடுவது? இதற்கு நம் நாட்டு டென்னிஸ் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1937ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி. கே. ராமநாதனிடம் ஆட்டம் கற்றவர். 1954ஆம் ஆண்டில் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆடவர் அரையிறுதியை எட்டினார். 1961இல் அவர் கால் இறுதியில் வென்றது ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை. இத்தனைக்கும் கிருஷ்ணனுடைய முதல் அடியில் வலிமை இல்லை. எதிரியின் வேகத்தையே கடன் வாங்கி, பந்தை வேண்டிய இடத்தில் வைக்கும் கைநயமே அவருடைய செல்வம். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அவ்வழியிலேயே ஆடி 1979ஆம் ஆண்டில் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைப் பெற்றார். இவர்கள் இளமையிலேயே கைக்கொண்ட முறையை நம்போன்றோர் முதுமை வந்து கட்டாயப்படுத்திய பின்னர் கற்றுக்கொள்கிறோம்.

1966ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பிரேசில் நாட்டு தாமஸ் கோக்குக்கு எதிராகக் கிருஷ்ணன் மூன்றில் இரண்டு செட்களை இழந்து, நான்காவதில் 2–5 என்று பின்தங்கி நின்றார். அங்கிருந்து அந்த செட்டை 7–5 என்று மீட்டு, ஐந்தாவதையும் வென்றார். அதனால் இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டியது. மெல்போர்னில் நடந்த அவ்விறுதியில் ஆஸ்திரேலியா 4–1 என்று வென்றது. இந்தியா பெற்ற அந்த ஒரே வெற்றி எது தெரியுமா? கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து நியூகோம்ப், ரோச் இணையை வீழ்த்திய இரட்டையர் ஆட்டம்.

கைநயம் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கென் ரோஸ்வால் 1974ஆம் ஆண்டில், 39ஆம் வயதில், விம்பிள்டன் இறுதிக்கு வந்தார். அவரைவிடத் தேர்ந்த கையுடையோர் அக்காலத்தில் அரியர். எதிரில் நின்ற ஜிம்மி கானர்ஸுக்கு வயது 21. ஆட்டம் 6–1, 6–1, 6–4 என்று முடிந்தது. காலம் கணக்குத் தீர்க்கும்போது கைநயத்தைப் பார்ப்பதில்லை.

இந்தப் பாடம் எனக்கு வேறு வகையில் வந்தது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், இப்போது நாற்பதை நெருங்குபவர், மாலைகளில் என்னுடன் ஒற்றையர் ஆட்டம் ஆடிவந்தார். ஓய்வு பெற்ற பின்னரும் நான் அவ்வப்போது வெல்வதை எண்ணி உள்ளூர மகிழ்ந்திருந்தேன். ஒரு நாள் பக்கத்துக் களத்தில் அவர் வேறொருவருடன் ஆடுவதைக் கண்டேன். அங்கே அவர் அடித்த அடி ஒன்றைக்கூட என்னிடம் அவர் அடித்ததில்லை! இத்தனை நாளும் எனக்கு எளிய பந்துகளையே அனுப்பி வந்திருக்கிறார். கேட்டபோது தலை குனிந்து, “சார், உங்களுக்கு மூச்சு வாங்கவேண்டாமே என்று நினைத்தேன்” என்றார்.

அவர் மரியாதையில் குறை காண இடமில்லை. ஆயினும் எனக்கு நெஞ்சு கனத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவன் நான். தகுதியில்லாத மதிப்பெண்ணை ஒருவனுக்குப் போடுவது அவனுக்குச் செய்யும் நன்மையன்று என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது என் தாளில் யாரோ இரக்க மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒரு மாத காலம் களத்துப் பக்கமே போகவில்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் டென்னிஸ் வரலாற்றைப் புரட்டத் தொடங்கினேன். படித்தவற்றுள் ஒரு செய்தி எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தது. பழைய மரமட்டையின் முகம் சிறியது. நடுவில் படாத பந்து கையையே திருகிவிடும். பெரிய முகம் கொண்ட மட்டையை வகுத்தவர் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கப் பொறியாளர். பனிச்சறுக்குக் கட்டைகள் செய்யும் தொழிலை விட்டு ஓய்வுபெற்ற பின் டென்னிஸ் கற்கப் புகுந்தார். பந்து சரியாகப் படவில்லை. தம் குறையை எண்ணி வருந்திக்கொண்டிராமல் மட்டையை ஆராய்ந்தார். முகத்தை அகலமாக்கி 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். இன்று இளம் வீரர்கள் ஏந்தும் மட்டைகளும் மரமட்டையைவிட அகன்ற முகம் உடையனவே. அவ்வகையில் அவர்கள் முதியவர் ஒருவரின் தடுமாற்றத்துக்குக் கடன்பட்டவர்கள்.

மட்டை உதவும், களத்தின் அளவும் உதவும். ஒற்றையர் களத்தின் அகலம் 27 அடி. அதனை ஒருவனே காக்கவேண்டும். இரட்டையர் களம் 36 அடி. ஆளுக்குப் 18 அடிதான் பங்கு. மூன்றில் ஒரு பங்கு நிலம் குறைந்துவிடுகிறது! குடகு நாட்டு ரோகன் போபண்ணா, முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்த பின்னரும் யோகப் பயிற்சியால் உடலைப் பேணி, 2024ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியப் பந்தயத்தின் இரட்டையர் பட்டத்தை மேத்யூ எப்டனுடன் சேர்ந்து வென்றார். அப்போது அவருக்கு வயது 43. அவ்வெற்றியை ஒட்டி இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தையும் முதன்முறையாக அடைந்தார்.

நான் மீண்டும் களத்துக்குச் சென்றேன். பழைய மாணவரை அழைத்து, “தம்பி, இன்று ஒரு நாள் உன் முழு ஆட்டத்தையும் எனக்குக் காட்டு” என்றேன். முதலில் தயங்கினார், பின்னர் ஆடினார். இரண்டு செட்களிலுமாக எனக்கு ஒரே ஒரு கேம் கிடைத்தது. அந்த ஒன்று மட்டும் என்னுடையது என்பதில் ஐயமில்லை. அதுவே நான் ஆடிய கடைசி ஒற்றையர் ஆட்டம்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் இரட்டையர் ஆடுகிறோம். நால்வருடைய வயதையும் கூட்டினால் 250ஐத் தாண்டும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, உடலுழைப்பற்றோரைவிட டென்னிஸ் ஆடுவோர் சராசரியாக 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாக 2018ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஆட்டமே அதற்குக் காரணம் என்று அறுதியிட முடியாது. வசதியும் நலமும் உடையோரே ஆட வருகின்றனர் என்றும் கொள்ளலாம். ஆயினும் துணையோடு கூடி ஆடும் ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் முன்னே நின்றன என்பது கருதத்தக்கது. ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறோம். அதுவும் ஒரு மருத்துவம்தான்.

எங்கள் பக்கத்து மானாவாரி உழவர்கள் மழையை நம்பி விதைப்பவர்கள். கார்த்திகையோடு மழை ஓய்ந்துவிடும். ஆயினும் கரிசல் தன்னுள் தேக்கிவைத்த ஈரத்தைக்கொண்டு பருத்திச் செடி தையிலும் மாசியிலும் காய் பிடிக்கும். மழைக்காலத்துப் பச்சை அப்போது இராது, இலை பழுத்திருக்கும். ஆனால் வெடிக்கும் பருத்தியை எடுப்பது அந்த நாள்களில்தான்.

சென்ற வாரம் இருபது வயது இளைஞர் ஒருவர் எங்கள் நால்வரில் ஒருவருக்குப் பதிலாக ஆட வந்தார். பந்து வந்த திசையெல்லாம் ஓடிக் களைத்தார். “ஓட்டத்தைக் குறை, பந்து வருவதற்கு முன்னே அங்கே போய் நில்” என்றேன். அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. அதனால் என்ன? எனக்கு விளங்கவே நாற்பது ஆண்டுகள் ஆயினவே!