கல்லும் கள்ளியும்

வேலித் தகராறு என்றதும் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நாடுகளின் போர்களைப் படிக்கும் நமக்கு இரண்டு தோட்டங்களுக்கு இடையே நிகழும் பூசல் ஒரு வரலாறா என்று தோன்றலாம். ஆயினும் நான் முதன்முதலில் கற்ற வரலாற்றுப் பாடம் ஒரு கிளுவை வேலியின் அடியில் கிடைத்ததே ஆகும்.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிற்றூர் ஒன்றில் எங்கள் தந்தையார்க்கும் பெரியப்பாவுக்கும் அடுத்தடுத்துக் கொல்லைகள் இருந்தன. நடுவே இருந்தது உயிர்வேலி. "தம்பி, வேலி என் பக்கம் ஒரு முழம் வந்துவிட்டது" என்றார் பெரியப்பா. "நட்ட இடத்தில்தான் நிற்கிறது, அண்ணா" என்றார் தந்தையார். சொல் தடித்தது, இரு வீட்டாரும் பேச்சை நிறுத்தினர். பெரியப்பாவின் மகனும் நானும் ஒரே வகுப்பு. அன்று முதல் அவன் ஏரிக்கரை வழியாகவும் நான் தெரு வழியாகவும் பள்ளிக்குச் சென்றோம்.

எல்லையைக் காப்பது நம் நாட்டில் பழைய கலை. சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அக்கொடையைக் கூறும் லெய்டன் செப்பேடுகள், ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்திக் கல்லும் கள்ளியும் நட்ட செய்தியைத் தருகின்றன. யானை நடப்பதை ஊரே காணும். ஆகவே ஊரே சாட்சியாகும். கல் அசையாது, கள்ளியை ஆடுமாடு தின்னாது. எத்துணை நுட்பமான ஏற்பாடு!

ஆனால் வேலிச் செடி எல்லாம் கட்டுக்குள் நிற்பதில்லை. சப்பாத்திக் கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. வேலிக்கென்று நம்மவர் நட்ட அச்செடி, மேய்ச்சல் நிலத்திலும் வயலோரங்களிலும் பரவிப் பெருந்தொல்லையாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி உண்மையாகவே நிகழ்ந்தது எனலாம். 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வகைச் சாயப்பூச்சி அதனை உண்டு அழித்த பிறகே நிலம் மீண்டது.

ஆங்கிலேயர் காலத்தில் யானையின் இடத்தைச் சங்கிலி பெற்றது. 1858இல் சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை தோன்றியது. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய சங்கிலியால் வயல்களை அளந்து, மூலைகளில் கல் நட்டு, புலப்படம் வரைந்தனர். 1923ஆம் ஆண்டின் நில அளவை எல்லைச் சட்டம் இதற்கு ஒழுங்கு தந்தது. அளவரின் முடிவை ஏற்காதவர் 3 மாதத்துள் மேல்முறையீடு செய்யலாம். உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்ல 3 ஆண்டுக் காலம் உண்டு.

எங்கள் மேற்கே தெரியும் கல்வராயன் மலையின் கதை வேறு. அங்கே மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலம் ஜாகிர்தார்களின் கீழ் வாழ்ந்தனர். 1976இல்தான் ஜாகிர் முறை நீங்கி அரசின் நேரடி ஆட்சி வந்தது. பட்டா என்னும் தாளே இல்லாதவன் தன் நிலத்தை எவ்வாறு மெய்ப்பிப்பான்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்கேள்விக்கு விடை கண்டது. 2005 டிசம்பர் 13க்கு முன்னரே காட்டு நிலத்தை உழுத பழங்குடியினர் உரிமை கோரலாம். அவன் சமன்செய்த நிலமும், போட்ட வரப்பும், ஊர் முதியோரின் எழுத்து வாக்குமூலமும் சான்றாகும் என்று அதன் விதிகள் கூறுகின்றன. யானைக்குப் பின்னே நடந்த பழைய ஊர்ச்சாட்சி மீண்டும் மதிப்புப் பெற்றது அன்றோ!

இனி எங்கள் வேலிக்கு வருவோம். நில அளவர் புலப்படத்துடன் வந்தார். சங்கிலி நீட்டினார். கல்லைக் காணோம். வேலியின் அடியை வெட்டச் சொன்னார். எங்கள் பக்கத்து ஓரத்தில், கிளுவை வேருக்கு அடியில், மண் மூடிக் கிடந்தது எல்லைக்கல். வேலியை யாரும் பெயர்த்து நடவில்லை. ஆண்டுதோறும் எங்கள் பக்கத்தில் மட்டும் அரிவாள் பட்டது. மறுபக்கம் தழைத்துத் தழைத்துக் கிளை ஊன்றி, பெரியப்பாவின் நிலத்துக்குள் நகர்ந்துவிட்டது. தந்தையார் பொய் கூறவில்லை. ஆனால் பெரியப்பாவின் சொல்லே மெய்யாயிற்று. மறுநாளே வேலி தள்ளி நடப்பட்டது. பேச்சு தொடங்கவோ ஒன்பது ஆண்டுகள் ஆயின. என் தமக்கையின் திருமணம் வேண்டியிருந்தது. அதற்குள் பெரியப்பாவின் மகன் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டான்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பூசல் எழலாம். சினம் எழுமுன் புலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். இரு வீட்டாரும் உடன்நிற்கக் கல்லைத் தேடுங்கள். வேலியை ஆண்டுக்கு ஒருமுறை இருபுறமும் சேர்ந்து கழியுங்கள். அளவர் ஒரு பிற்பகலில் முழத்தைக் கணக்கிட்டுவிட்டார். ஏரிக்கரை வழியே தனித்துப் போன அந்த நண்பனுடன் நான் நடக்காத நாள்களைக் கணக்கிடுவார் எவரும் இல்லை.