உஹதில் உடைந்த பல்லும் நம் பிள்ளைகளின் பற்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, ஏனாத்தூரில் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸா மாணவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். மட்டையில் பட்டு எகிறிய பந்து பதினோரு வயது மாணவன் ஒருவனின் வாயில் மோதியது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் விழுந்தது. இரத்தத்தைக் கழுவினோம். களைந்த நகத்தையும் முடியையும் மண்ணில் மறைக்கும் பழக்கத்தில் ஊறிய நான், அந்தப் பல்லையும் என் கையாலேயே புதைத்தேன்.

மறுநாள் பல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பல் எங்கே?" என்பதுதான். நான் சொன்ன பதிலைக் கேட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. உடனே பாலில் போட்டுக் கொண்டுவந்திருந்தால் அதே குழியில் திரும்பப் பொருத்த வாய்ப்பிருந்தது என்றார். விளையாடும்போது பிள்ளைகளுக்கு மவுத் கார்டு அணிவிப்பதில்லையா என்றும் கேட்டார். அந்தப் பெயரையே நான் அன்றுதான் அறிந்தேன்.

தறி நெய்பவரான மாணவனின் தந்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அல்லாஹ்வின் நாட்டம், ஹஜ்ரத்" என்றார். அது உண்மை. ஆயினும் அந்தச் சொல் என் பொறுப்பை நீக்கிவிடுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. கிதாபுகளைப் புரட்டினேன், பல்லைக் காக்கும் கருவியின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அவற்றில் அறிந்ததை இங்கே பகிர்கிறேன்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹத் போரில் உத்பா இப்னு அபீவக்காஸ் எறிந்த கல் நபி (ஸல்) அவர்களின் கீழ்வரிசைப் பல்லொன்றை உடைத்தது. இப்னு கமிஆ என்பவனின் வெட்டால் தலைக்கவசத்தின் வளையங்கள் அவர்களது கன்னத்தில் புதைந்தன. அவ்வளையங்களை அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) தம் பற்களாலேயே கவ்வி இழுத்தார். அதில் தம் முன்பற்கள் இரண்டை இழந்தார். அலி (ரலி) தண்ணீர் ஊற்ற, ஃபாத்திமா (ரலி) காயத்தைக் கழுவினார். இரத்தம் நிற்காததால் பாயை எரித்து அதன் சாம்பலை வைத்து அடைத்தார்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அன்று நபி (ஸல்) அவர்கள் தலைக்கவசத்துடன், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடற்கவசங்களையும் அணிந்திருந்தார்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் யார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்தவர்கள், போர்க்களத்தில் அதைச் செய்தும் காட்டினார்கள்.

பல்லுக்கு ஷரீஅத் அளித்த மதிப்பும் சிறிதன்று. மதீனாவில் ருபைய்யிஃ (ரலி) என்ற பெண்மணி ஓர் இளம்பெண்ணின் முன்பல்லை உடைத்துவிட்டார். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது பல்லுக்குப் பல் என்ற கிஸாஸ் தீர்ப்பே கூறப்பட்டது. பின்னர் அப்பெண்ணின் குடும்பத்தார் ஈட்டுத்தொகைக்கு இசைந்தனர். ஓர் உயிருக்கு 100 ஒட்டகங்கள் எனில், ஒரு பல்லுக்கு 5 ஒட்டகங்கள் என்று தியத் நிர்ணயிக்கப்பட்டது.

இழந்த உறுப்பைச் சீர்செய்யவும் மார்க்கம் வழிவிட்டது. அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளி மூக்குப் பொருத்தினார். அதில் துர்நாற்றம் வந்ததால் பொன்னால் செய்துகொள்ள நபி (ஸல்) அனுமதித்தார்கள். பொன்னால் பல்லைக் கட்டுவதற்கு அறிஞர் பலர் இதையே சான்றாகக் கொண்டனர். பின்னர் அந்தலுஸில் குர்துபாவை அடுத்த ஸஹ்ராவில் வாழ்ந்து 1013இல் மறைந்த அறுவை மருத்துவர் அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலில், அடிபட்டு ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பக்கத்துப் பற்களோடு பிணைக்கும் முறையை விளக்கினார். விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பில் செதுக்கிய பல்லை வைத்துக் கட்டலாம் என்றும் எழுதினார்.

இவையெல்லாம் அடிபட்ட பின் செய்பவை. அடிபடுமுன் பல்லைக் காக்கும் கருவி வெகு பிற்காலத்தது. மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலை மலாய் மக்கள் கெட்டியாக்கி, கத்திப்பிடி செய்துவந்தனர். 1840களில் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அதை இலண்டனுக்கு அனுப்பினார். 'கட்டாபெர்ச்சா' எனப்படும் அப்பொருள் சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும். 1890இல் இலண்டன் பல் மருத்துவர் வுல்ஃப் கிராஸ், குத்துச்சண்டை வீரர்களின் மேல் முன்பற்கள்மீது அதன் துண்டுகளைப் பதித்து அனுப்பினார். மவுத் கார்டின் தொடக்கம் அதுவே. அவர் மகன் ஃபிலிப் கிராஸ் மீண்டும் மீண்டும் அணியத்தக்க ரப்பர் வடிவத்தை உருவாக்கினார். அமெரிக்காவில் 1962இல் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தில் இது கட்டாயமானது. பணம் வாங்கி மோதும் வீரனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, பள்ளிப் பிள்ளையை வந்தடைய எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவரும் ஒரு முஸ்லிமே. டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் 1915இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பாஸ்டனில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் பணியாற்றினார். தாயகம் திரும்பி 1920இல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்கு நூறாண்டு கடந்தபின்னும், விழுந்த பல்லைப் புதைக்கும் ஆசிரியனாக நான் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஒரு பல்தானே என்று சிலர் கேட்கலாம். தஜ்வீத் கற்றவர் அப்படிக் கேட்கமாட்டார். மூன்று புள்ளியுள்ள ஸா, புள்ளியுள்ள தால், ளா ஆகிய எழுத்துகள் நாநுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறக்கின்றன. ஃபா அதே பற்களின் விளிம்பு கீழுதட்டின் உட்புறத்தைத் தொடும்போது பிறக்கிறது. அந்த மாணவன் ஹிஃப்ழு வகுப்பில் ஓதுபவன். இப்போது கழற்றி மாட்டும் பல் அணிந்திருக்கிறான். தாடை வளர்ச்சி முடிந்த பின்பே நிலையான பல் பொருத்த இயலுமாம். பல்லைக் கழற்றிவிட்டு ஓதும் நாளில் ஃபாவில் காற்று கசிகிறது. அவன் நிறுத்தி, மீண்டும் முயல்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் தலைகுனிகிறேன்.

எனவே பெற்றோரும் உஸ்தாதுகளும் சிலவற்றை அறிந்திருப்பது நலம். மேல்வரிசை நடு முன்பற்களில் நிலைப்பற்கள் ஏழெட்டு வயதில் முளைக்கின்றன. அடிபடுவதும் பெரும்பாலும் அவையே. மவுத் கார்டு அடியின் வேகத்தைப் பரப்பிக் குறைக்கும். உதடும் நாவும் கிழியாமல் காக்கும். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் வகை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது மேலும் பொருந்தும். அணிந்தபின் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் வடிவம் கெடும். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும்.

நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் மெல்ல அலசுங்கள், தேய்க்காதீர்கள். இயன்றால் குழியில் திரும்ப வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இயலாவிடில் பாலில் இட்டு, அரைமணி நேரத்துக்குள் மருத்துவரிடம் விரையுங்கள். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

நெய்த பட்டில் கறை படக்கூடாதென்று துணி போர்த்திக் காக்கும் ஊர் நம்முடையது. பட்டுக்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்யலாகாதா? இப்போது எங்கள் மாணவர்கள் கடினப் பந்தில் ஆடினால் மவுத் கார்டு அணிந்தே ஆடவேண்டும் என்று விதித்துள்ளோம். வாங்க இயலாதவர்களுக்கு ஜமாஅத்தார் சிலர் பொறுப்பேற்றுள்ளனர்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவையும் பல்லையும் காத்து, அவனது வேதத்தைப் பிழையின்றி ஓதும் பேற்றை அவர்களுக்கு அருள்வானாக! என் கவனக்குறைவை மன்னிப்பானாக! ஆமீன்.