உள்ளடக்கிய உடற்கல்வி

உள்ளடக்கிய உடற்கல்வி என்பது சிறப்புத் தேவையுள்ள மாணவர்களும் பிற மாணவர்களும் ஒரே பாடவேளையில், ஒரே மைதானத்தில் சேர்ந்து ஆடும்படி விளையாட்டுகளை அமைத்துக்கொள்ளும் கல்விமுறை. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், தசைச்சிதைவு நோய் போன்ற நிலைகளில் உள்ள குழந்தைகள் இதில் அடங்குவர். மற்றவர்கள் ஆட, இக்குழந்தைகள் மரத்தடியில் அமர்ந்து புத்தகப் பைகளுக்குக் காவலிருப்பதும், ஸ்கோர் எழுதுவதும் பங்கேற்பு ஆகா. ஆட்டத்துக்குக் குழந்தை பொருந்துகிறதா என்று பாராமல், குழந்தைக்கு ஆட்டத்தைப் பொருத்துவதே இம்முறையின் அடிப்படை.

சட்டப் பின்புலம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 30ஆவது பிரிவு, பள்ளி விளையாட்டு உட்பட எல்லா விளையாட்டுகளிலும் இக்குழந்தைகளுக்குச் சமவாய்ப்பு அளிக்கச் சொல்கிறது. இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறைபாடுகளை 21 வகைகளாக விரித்தது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் இம்மாணவர்களைப் பாகுபாடின்றிச் சேர்ப்பதோடு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பிறருக்கு இணையான வாய்ப்பைத் தர வேண்டும் என்பது அதன் 16ஆவது பிரிவு.

கேரளம்

2024 நவம்பரில் எறணாகுளத்தில் ஒலிம்பிக் பாணியில் நடந்த கேரளப் பள்ளி விளையாட்டு விழாவில், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான உள்ளடக்கிய போட்டிகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. தடகளம், கால்பந்து உள்ளிட்டவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். இதற்கான விளையாட்டுக் கையேட்டை உருவாக்கியது மாநிலத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தை நடத்தும் சமக்ர சிக்ஷா கேரளம். 2025 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவிலும் இப்போட்டிகள் தொடர்ந்தன. விழாவுக்கு வரும் மாணவர்களைத் தயார்செய்யும் அன்றாட வேலை, பள்ளி உடற்கல்வி ஆசிரியரையும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் சார்ந்தது.

மாற்றியமைக்கும் முறை

ஆசிரியர் ஓர் ஆட்டத்தை நான்கு வழிகளில் மாற்றலாம்: இடம், செயல், கருவி, ஆட்கள். எறிபந்தை எடுத்துக்கொண்டால், களத்தைச் சுருக்குவது இடமாற்றம். பந்து ஒருமுறை தரையில் பட்டெழுந்த பின் பிடிக்கலாம் என்பது செயல் மாற்றம். காற்றுக் குறைந்த, பெரிய, பளிச்சென்ற நிறப் பந்தைத் தருவது கருவி மாற்றம். இருவர் இருவராகச் சேர்த்து ஆடவிடுவது ஆள் மாற்றம். பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றம் போதும். எல்லாவற்றையும் மாற்றினால் மற்ற பிள்ளைகளுக்கு ஆட்டம் சப்பென்று போய்விடும்.

செவித்திறன் குறைந்த மாணவர் ஓட்டத்தில் விசில் கேட்காமல் பின்தங்கினால், கொடியை வீசிப் பந்தயத்தைத் தொடங்கலாம். பார்வையற்றவர் வழிகாட்டி ஓட்டக்காரருடன் ஒரே கயிற்றைப் பிடித்தபடி ஓடுவார்; கயிற்றைப் பிடித்து முன்னே இழுப்பது தவறு, பக்கத்தில் ஓடுவதே முறை. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை சொல்லி, செய்தும் காட்ட வேண்டும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு விசில் சத்தமே தாங்காது. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களால் முன்கூட்டியே காட்டிவிட்டால் பதற்றம் குறையும்.

விதியிலேயே சமநிலை காண்பதற்குப் பார்வையற்றோர் கிரிக்கெட் நல்ல சான்று. உள்ளே உலோகக் குண்டுகள் குலுங்கும் நெகிழிப் பந்தைக் கையைத் தாழ்த்தி, தரையில் பட்டெழும்படி வீசுவர். பதினொருவரில் குறைந்தது நால்வர் முழுமையாகப் பார்வையற்றவராக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். அமர்ந்தபடியே பந்தை இலக்கருகில் எறியும் போச்சியா, கடும் மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் ஆடக்கூடியது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறுகிறது. சிறப்பு ஒலிம்பிக் அமைப்பின் ஒருங்கிணைந்த விளையாட்டு முறையில், அறிவுசார் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடுகின்றனர்.

பாதுகாப்பு

டவுன் நோய்க்குறி உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல்மூட்டு உறுதியற்றிருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம், தலையால் பந்தை முட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவரைத் தண்ணீரில் தனியே விடலாகாது. தசைச்சிதைவு நோயில் களைப்பு தசைக்கே கேடு. அடிக்கடி ஓய்வு தேவை. ஆனால் மருத்துவச் சான்றைக் காரணமாகக் காட்டி ஒரேயடியாக உட்கார வைப்பதற்கு இவை இடம் தருவதில்லை. எதைச் செய்யலாம் என்று கேட்டு எழுதி வைப்பதே சான்றின் பயன்.

கல்லாறும் மலையடிவாரமும்

மைதானம் எளிதில் அமையாத மலையடிவார ஊர்களுக்குக் கல்லாறு ஓர் எடுத்துக்காட்டு. அது திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். பொன்முடிக்கான பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் இப்பகுதியிலிருந்து ஏறுகின்றன. உருண்டைக் கற்கள் நிறைந்த ஆறு ஊருக்குப் பெயர் தந்தது. காட்டை ஒட்டிக் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. இத்தகைய இடங்களில் சக்கர நாற்காலி உருளும் சமதரையே அரிது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்வதால் ஆண்டில் பல மாதங்கள் மைதானம் சேறாகும். எனவே வளையம் எறிதல், அமர்ந்து ஆடும் கைப்பந்து, போச்சியா போன்றவை வகுப்பறையிலோ தாழ்வாரத்திலோ ஆட ஏற்றவை. பள்ளிக்கே வர இயலாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியர், வீட்டுத் திண்ணையையே அன்றைய மைதானமாக்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாடு

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பள்ளி உடற்கல்வி ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் காலில் பேருந்து ஏறியதால் வலக்கால் சிதைந்தவர். பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டத் தொடங்கி, 14 வயதில், குறைபாடற்ற மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிசில் வெண்கலமும் வென்றார். இவற்றுக்கெல்லாம் தொடக்கம், ஓர் ஆசிரியர் அவரைத் தாண்டும் வரிசையில் நிற்கவிட்டது.