போருக்குப் போன பயிற்சி விமானங்கள்

ஒலியின் வேகத்தைத் தாண்டும் (சுப்பர்சொனிக்) பயிற்சி ஜெட், பணம் குறைந்த நாட்டுக்கு ஒரே செலவில் இரண்டு வேலை பார்க்கிறது. மாணவ விமானியும் ஆசிரியரும் அமரும் இரட்டை இருக்கை விமானத்தில் பீரங்கியும் குண்டும் ஏவுகணையும் பூட்டினால், அதுவே இலகுரகப் போர் விமானம். விமானி புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. உதிரிப்பாகங்களும் தொழில்நுட்பவியலாளரும் இரண்டுக்கும் பொது.

இந்த வழியைத் திறந்தது அமெரிக்காவின் நோர்த்ரோப் நிறுவனம். 1959 ஏப்ரல் 10ஆம் திகதி முதன்முதலாகப் பறந்த டி-38 டாலன், உலகின் முதல் சுப்பர்சொனிக் பயிற்சி விமானம். அதன் உடன்பிறப்பான எஃப்-5 போர் விமானம் அதே ஆண்டு ஜூலை 30இல் பறந்தது. பெரிய போர் விமானங்களை வாங்க முடியாத நாடுகள் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் எஃப்-5ஐயே நம்பின. ஐரோப்பாவில் கணக்கு வேறு விதமாக முடிந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து பயிற்சிக்கென்று தொடங்கிய ஜாகுவார், செலவும் சிக்கலும் ஏறி முழுத் தாக்குதல் விமானமாகவே மாறிற்று. பயிற்சிக்குப் பிரித்தானியா ஒலியின் வேகத்தை எட்டாத ஹோக் விமானத்தைத் தனியாகச் செய்துகொண்டது. பிற்காலத்தில் இந்தியாவும் இவ்விரண்டையும் வாங்கி, ஜாகுவாரைப் போருக்கும் ஹோக்கைப் பயிற்சிக்கும் வைத்துக்கொண்டது.

இலங்கையின் கதை வேகத்திலிருந்து தொடங்கவில்லை, தட்டுப்பாட்டிலிருந்து தொடங்கியது. 1951 மார்ச் 2ஆம் திகதி உருவான ரோயல் சிலோன் விமானப்படைக்கு 1950களின் இறுதியில் முதல் ஜெட் அணி அமைந்தது. அதற்கு வந்தவை பிரித்தானியாவின் ஜெட் புரவோஸ்ட் பயிற்சி விமானங்கள். மாணவரும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கமாக அமர்வார்கள். வேகம் மணிக்கு 500 கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். இலங்கைக்கு வந்த டி-51 வகையில் இரண்டு 7.7 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. இறக்கைகளின் கீழ் ரொக்கெட்டும் சிறு குண்டும் தொங்கவிடலாம். 1971 ஏப்ரல் 5ஆம் திகதி மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தபோது, விமானப்படையிடம் ஆயுதம் தாங்கக்கூடிய ஜெட் வேறெதுவும் இருக்கவில்லை. விமானி பழகுவதற்கென்று வாங்கிய விமானம் சொந்த நாட்டு இளைஞர்கள் மீது ஏவப்பட்டது. இலங்கையில் பயிற்சி விமானம் முதன்முதலாகப் போர்க்களம் கண்டது அப்போதுதான்.

கிளர்ச்சியின்போதே சோவியத் ஒன்றியத்திலிருந்து மிக்-17 விமானங்கள் ஐந்தும், அவற்றுக்குப் பழக மிக்-15 இரட்டை இருக்கை விமானம் ஒன்றும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து பறக்கவைக்க நாட்டிடம் வசதி இல்லை. 1983இல் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டபோது தாக்குதல் ஜெட் என்று சொல்ல எதுவும் கையில் இருக்கவில்லை. 1985இல் இத்தாலியிலிருந்து எஸ்.எஃப்.260 எனும் சியாய் மார்க்கெட்டி பயிற்சி விமானங்கள் வந்தன; இவை சுழலியால் பறப்பவை. வடக்கில் பதுங்குகுழிக்குள் ஓடிய மக்களின் வாயில் அது 'சியாமாச்செட்டி' ஆயிற்று. சரக்கும் ஆளும் ஏற்றும் விமானங்களிலிருந்தும் பீப்பாய்க் குண்டுகள் உருட்டித் தள்ளப்பட்டன.

சுப்பர்சொனிக் காலம் 1991இல் பிறந்தது. சீனா நான்கு எஃப்-7 போர் விமானங்களையும், அவற்றுக்குப் பழக எஃப்.டி-5, எஃப்.டி-7 ஆகிய இரட்டை இருக்கை விமானங்களையும் கொடுத்தது. எஃப்-7 என்பது சோவியத் மிக்-21இன் சீன வடிவம். அக்காலத்தில் சந்தையில் கிடைத்த மிக மலிவான சுப்பர்சொனிக் விமானங்களில் அதுவும் ஒன்று. எஃப்.டி-7 அதன் பயிற்சி வடிவம். பின்னிருக்கையில் இருக்கும் ஆசிரியருக்கு முன்னால் ஓடுபாதை சரியாகத் தெரியாது. ஆகவே தரையிறங்கும் வேளையில் கூரையிலிருந்து மேலெழும் ஒரு பெரிஸ்கோப் கண்ணாடி வழியே அவர் பார்க்க வேண்டும். முக்கோண இறக்கை என்பதால் இறங்கும் வேகமும் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் இருக்கும். இளம் விமானி ஒருவர் தனியாக எஃப்-7இல் ஏறுமுன் இந்த இறக்கத்தைப் பிடித்தாக வேண்டும். எஃப்.டி-7இன் உண்மையான பயன் இதுதான்.

போரில் அந்த வேகம் பெரிதாக உதவவில்லை. குண்டுகளைச் சுமந்த விமானம் பொதுவாக ஒலியின் வேகத்தைத் தாண்டாது. தாண்ட முயன்றால் எரிபொருள் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். மிக்-21 வழிவந்த விமானங்களுக்கு எரிபொருள் கொள்ளளவே குறைவு. வழிநடத்தும் கருவி இல்லாத குண்டைக் கண்ணால் குறிபார்த்துப் போடும்போது, வேகம் கூடக்கூடக் குறி பிசகும். யாழ்ப்பாணத்தவர் அந்த ஜெட்டுகளைச் 'சுப்பர்சொனிக்' என்றே அழைத்தார்கள். அவற்றின் இரைச்சலை மக்கள் கேட்கும்போது அவை தலைக்கு மேலே வந்திருக்கும். தரைப்படைக்கு நெருங்கி உதவ 1990களின் தொடக்கத்தில் ஆர்ஜென்டீனாவிலிருந்து மெதுவாகப் பறக்கும் நான்கு புக்காராக்களை வாங்க வேண்டி வந்ததே, வேகத்தின் பயனின்மைக்குச் சான்று. வானிலிருந்து விழுந்த குண்டுகளுக்கு விலை கொடுத்தவர்கள் பொதுமக்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் விமானக் குண்டுவீச்சில் மாண்டவர்கள் நூற்றுக்கும் மேல். 1996இல் இஸ்ரேலியக் கிபிர் விமானங்கள் வந்த பின் தாக்குதல் சுமை அவற்றின் மேல் போனது.

     

2001 ஜூலை 24ஆம் திகதி விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது எரிந்தவற்றில் கிபிரும் மிக்-27உம் மட்டுமன்றி, ஒலியின் வேகத்தை எட்டாத சீனத்துக் கே-8 பயிற்சி விமானங்களும் இருந்தன. 2007 மார்ச்சில் புலிகளின் வான்பிரிவு வெளிப்பட்டது. அது பயன்படுத்திய ஸ்லின்-143உம் உலாவுக்கும் பயிற்சிக்கும் என்று செக் நாட்டில் செய்யப்பட்ட சிறு விமானமே. அதைத் துரத்தவென்று 2008 தொடக்கத்தில் எஃப்-7 ஜி.எஸ். விமானங்கள் வாங்கப்பட்டன. ஒரு பக்கம் ஒலியைப் போல இரு மடங்கு வேகம், மறுபக்கம் மணிக்கு 300 கிலோமீற்றரைக்கூட எட்டாத வேகம். இரவில், தாழப் பறக்கும் அந்தச் சிறு இலக்கைப் பிடிப்பது சுப்பர்சொனிக் விமானிக்கு மிகக் கடினம். 2008 செப்டெம்பர் 9ஆம் திகதி ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதாக விமானப்படை அறிவித்தது. 2009 பெப்ரவரி 20இல் கொழும்புக்கு வந்த இரண்டும் தரையிலிருந்து சுடப்பட்டே வீழ்ந்தன.

பயிற்சி விமானத்தையே போர் விமானமாக்கும் வழியை இன்று பெரிதாக்கியிருப்பது தென்கொரியா. 2002இல் பறந்த டி-50 பயிற்சி விமானமும் அதன் போர் வடிவமான எஃப்.ஏ-50உம் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஈராக், போலந்து, மலேசியா ஆகிய நாடுகளுக்கு விற்கப்பட்டுள்ளன. 2017 ஜூலையில் பிலிப்பைன்ஸின் மராவி நகரில் எஃப்.ஏ-50 ஒன்றின் குண்டு இலக்கைத் தவறித் தன் படையினர் இருவரையே கொன்றது. சீனாவும் எஃப்.டி-7இன் வழிவந்த எஃப்.டி.சி-2000ஐ வறிய நாடுகளுக்கு விற்கிறது. சூடானும் மியன்மாரும் வாங்கியிருக்கின்றன. இலங்கை அந்த வரிசையில் சேரவில்லை. 2021இல் அது புதிய போர் விமானம் எதையும் வாங்காமல், இருந்த கிபிர்களில் ஐந்தைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனத்துடன் 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது.