படியளந்த கையும் சால் தைத்த கையும்

சோமனூர் என்றவுடன் இன்று எவர் நினைவுக்கும் வருவது விசைத்தறியின் ஓசையே. மூன்று தலைமுறைகளுக்கு முன்னர் இவ்வட்டாரத்தில் கேட்ட ஓசை வேறு. விடிவதற்கு முன்பே தோட்டத்துக் கிணறுகளில் கவலை உருளைகள் கிறீச்சிடும். எருதுகளை அதட்டும் குரலும், வாய்க்காலில் நீர் விழும் ஒலியும் தொடரும். அந்த ஓசை எவ்வாறு அடங்கியது என்பதை அறிந்தால், நம் மக்கள் எவ்வாறு அடிமைப்பட்டனர், எவ்வாறு மெல்ல மீண்டனர் என்பதும் விளங்கும். உணவு விளைவதும், சேமிக்கப்படுவதும், அளந்து கொடுக்கப்படுவதும் ஒரு சமுதாயத்தின் வடிவத்தையே அமைக்கின்றன என்று வரலாற்றறிஞர் கூறுவர். அதற்குச் சான்று தேடி நாம் எகிப்துக்கும் பாபிலோனுக்கும் செல்ல வேண்டியதில்லை.

கொங்குநாடு மழை மறைவு நிலம். மேற்கு மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நொய்யலாறு அருகில் ஓடினும், அதன் நீர் சூலூர், சாமளாபுரம் போன்ற குளங்களையும் அவற்றையொட்டிய வயல்களையுமே நனைத்தது; மேட்டுநிலத்திற்கு அது எட்டவில்லை. மேட்டுநிலத்தில் மழையை நம்பியது காடு. கிணற்றை நம்பியது தோட்டம். காட்டில் சோளமும் கம்பும், தோட்டத்தில் ராகியும் பருத்தியும் விளைந்தன. நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டுமே உரிய உணவாயிருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். காவிரிப் படுகையில் ஆற்றுநீர் ஊர் முழுவதற்கும் பொது. அதைப் பங்கிடுவதற்கு ஊரார் கூட வேண்டியிருந்தது. கொங்கில் கிணறு ஒரு குடும்பத்தின் உடைமை. எனவே ஒவ்வொரு தோட்டமும் தனித்தனிச் சிற்றரசு போல் விளங்கிற்று. அங்கு உழைத்தவனும் ஊருக்கு ஆளாக இருந்ததைவிட அந்தத் தோட்டத்திற்கே ஆளாக இருந்தான். அவனுக்குப் பெயர் படியாள்.

பாறையை உடைத்துத் தோண்டிய ஆழ்கிணற்றிலிருந்து நீரை மேலேற்றுவது எளிதன்று. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும்; பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றில் இறங்கும். கோடை முழுவதும், நாள்தோறும் பல மணிநேரம் இவ்வேலை நடக்க வேண்டும். ஒருவர் எருது ஓட்ட, மற்றொருவர் மடை திருப்ப வேண்டும். ஒரு நாள் ஆள் வராவிடினும் பயிர் வாடும். ஆகவே ஆண்டு முழுவதும் விலகாத ஆள் நிலவுடைமையாளருக்குத் தேவைப்பட்டது. அந்த ஆளாக வாய்த்தவர்களுள் மிகப் பலர் அருந்ததியர். தோலால் ஆன சாலையும், அதன் அடியில் நீர் வழியும் தோல் வாலையும் தைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. இரும்புச் சால் வந்த பின்னரும் தோல் வால் நீங்கவில்லை. ஊரில் இறந்த மாட்டை அகற்றுவதும், அதன் தோலைப் பதப்படுத்துவதும், சாலும் செருப்பும் தைப்பதும் அவர்தம் கடமையாக விதிக்கப்பட்டன. அறுவடையில் தானியம் அதற்கு ஈடாக அளக்கப்பட்டது.

அவர்கள் தைத்த தோலில் ஊறி வந்த நீர் பயிருக்கு ஆகாததாகவில்லை. அந்தப் பயிரின் தானியம் எந்த வீட்டு அடுப்புக்கும் விலக்காகவில்லை. ஆயினும் அக்கிணற்றில் தம் குடத்தை இறக்கி நீர் மொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் குளத்தில் இறங்கி நீரருந்தியபோது எழுப்பிய கேள்வி, நம் ஊர்க் கிணற்றுமேட்டிலும் எழுந்திருக்க வேண்டிய கேள்வியே.

படியாள் என்ற சொல்லை உற்று நோக்குங்கள். படி என்னும் முகத்தலளவையால் கூலி பெறுபவன் என்பதே அதன் பொருள். உயிர்களைக் காக்கும் இறைவனையும் நம் மக்கள் படியளப்பவன் என்றே சொல்லி வந்தனர். நிலவுடைமையாளரும் படியளந்தார். இரண்டிற்கும் ஒரே சொல் வழங்கியதால், பணிவு பக்தியாக மாறுவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. என் பாட்டனார் ஒரு தோட்டத்தில் படியாளாக இருந்தவர். களத்தில் படியைத் தலைதட்டி அளப்பார்களா, கோபுரமாகக் குவித்து அளப்பார்களா என்பதைப் பொறுத்தே அவ்வாண்டு எங்கள் வீட்டில் எத்தனை வேளை அடுப்பெரியும் என்பது முடிவாயிற்று என்பார். பற்றாக்குறைக்கு முன்கடன் வாங்க வேண்டும். கடனுக்கு ஈடாகப் பையன் மாடு மேய்க்கப் போக வேண்டும். பள்ளிக்கூடம் அருகிலேயே இருந்தும் நம் பாட்டன்மார் ஏன் எழுத்தறியவில்லை என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதுவே விடை.

தானியத்தைச் சேமிக்கலாம், அளக்கலாம், பூட்டி வைக்கலாம். உலகெங்கும் முதல் அரசுகள் தானியம் விளைந்த நிலங்களிலே தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். குதிரும் நிலத்தடிக் குழியும் யாரிடம் இருந்தனவோ, அவரிடமே பஞ்ச காலத்தில் உயிரும் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் கோவை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு முன்பே, 1862இல், சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை இயங்கத் தொடங்கியிருந்தது. தானியம் வண்டியில் வரவும் செய்தது. வாங்கக் காசில்லாதவன் அதைக் கண்ணால் மட்டுமே கண்டான். பஞ்சப்பணிக்குச் சென்றவருக்கு ஒரு இராத்தல் தானியத்திற்குரிய விலையும் சிறு காசும் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். அது உழைப்பவன் உடலைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பிற்காலத்தில், 1981இல், அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு இல்லாமையைவிட உணவைப் பெறும் உரிமை இல்லாமையே மக்களைக் கொன்றது என நிறுவினார். நம் முன்னோர் இதைப் புத்தகமின்றியே அறிந்திருந்தனர்.

இக்கட்டு எப்போது தளர்ந்தது? 1904ஐ ஒட்டிக் கம்போடியாப் பருத்தி இங்கு வந்தது; ஆலைகள் பெருகின; 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கிணற்றுமேட்டை அடைந்தபின் கவலை படிப்படியாக மறைந்தது. சால் தைத்தவனின் தொழில் போயிற்று. எருது ஓட்டியவன் ஆண்டு முழுவதும் தேவைப்படவில்லை. இதை விடுதலை என்று உடனே சொல்லிவிட இயலாது. வேலை போனவன் விடுதலை பெற்றவனாகான், பசித்தவனாகவே ஆவான். இங்கிலாந்தில் 1348இல் கொள்ளைநோய் பரவி உழைப்பாளர் அருகியபோது அவர்தம் கூலி உயர்ந்தது. 1351இல் அதைத் தடுக்கச் சட்டமே இயற்றினர். இங்கோ நிலைமை நேர்மாறானது: ஆள்கள் மிஞ்சினர், வேலை குறைந்தது.

எனவே படியாளின் கட்டு தளர, மின்சாரத்தோடு வேறொரு கை படியளக்க வேண்டியிருந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு விரிவடைந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சரானதும் படி அரிசி ஒரு ரூபாய் என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. அதே படி, ஆனால் அளந்தவர் வேறு. வாங்கியவன் எவர் களத்திலும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆயினும் கையில் குடும்ப அட்டை இல்லாதவனுக்கு அச்சட்டம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பது எனக்கு ஐயமே. 2011 முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. அதைச் சோம்பலுக்கு வழி என்று ஏளனம் செய்வோர் உளர். அவர்கள் பாட்டனார் எவர் களத்திலும் படிக்காகக் காத்து நின்றிருக்கமாட்டார்.

பின்னர் நிலத்தடி நீர் தாழ்ந்தது. தோட்டக்காரர் பலர் தோட்டத்திலேயே விசைத்தறிக் கூடம் அமைத்தனர். நம்மவர் பலர் தறிக்குச் சென்றனர். திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கும் சென்றனர். தறிக்கூடத்தில் முன்பணம் பெற்று, அது தீரும்வரை அங்கிருந்து நகர இயலாத நிலையும் சிலவிடங்களில் தோன்றிற்று. பழைய கடனுக்கும் இதற்கும் உருவில் வேறுபாடு உண்டு. உள்ளீட்டில் எவ்வளவு உண்டு என்பதை நாம் ஆராய வேண்டும். ஒன்று மட்டும் உறுதி. முன்பணக்காரன் வீட்டிலும் இன்று அரிசி இருக்கிறது. அவன் மகள் பள்ளிக்குச் செல்கிறாள்.

நிலவரிக் கணக்கு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு எத்தனை வள்ளம் சோளம் கூலியாக அளக்கப்பட்டது, எத்தனை சால் தைத்ததற்கு எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. கவலை ஓட்டிய கைகளுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. நம் சங்கத்து மாணவர்கள் வரும் பொங்கல் விடுமுறையில் ஏடும் எழுதுகோலுமாக அவர்களிடம் சென்று அமர்வார்களாயின், அடுத்த மலரில் அக்கணக்கையும் அச்சிடலாம்.